திங்கட்கிழமை ராத்திரி பேண்ட்: ரெட் டெவில்ஸிடம் கற்றுக்கொண்டவை

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாசிக்கப் பழகுகிறேன், பார்களில் வாசிக்க ஆசை, எதைக் கேட்டு ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் நான் ஒரே ஆல்பத்தைத்தான் சொல்வேன். 1992இல் வெளிவந்த 'கிங் கிங்'. வாசித்தவர்கள் ரெட் டெவில்ஸ் என்ற லாஸ் ஏஞ்சலஸ் பேண்ட். பாட்டும் மவுத் ஆர்கனும் லெஸ்டர் பட்லர், லீட் கிட்டார் பால் சைஸ், ரிதம் கிட்டார் டேவ் லீ பார்ட்டெல், பேஸ் அவருடைய சகோதரர் ஜானி ரே பார்ட்டெல், டிரம்ஸ் பில் பேட்மேன். இந்த ஐந்து பேரும் சேர்ந்து இருந்த காலம் ரொம்பக் கொஞ்சம், விட்டுப்போன முழு ஆல்பம் இந்த ஒன்றுதான், ஐரோப்பாவில் மட்டும் ஒரு ஈபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) வந்தது. ஆனாலும் ப்ளூஸ் மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு லெஸ்டர் பட்லரிடம் வந்து நின்றுவிடும்.

நான் அவர்களை நேரில் கேட்டதில்லை. நான் கலிபோர்னியாவுக்கு வந்தபோது பேண்டும் இல்லை, லெஸ்டரும் இல்லை. எனக்கு அவர்கள் வந்து சேர்ந்தது எங்கள் டிரம்மர் மூலமாக. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே ஒரு புறநகரில், ஃப்ரீவேயை ஒட்டிய கடை வரிசையில் ஒரு பார் இருக்கிறது, அங்கே செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் நாங்கள் வாசிக்கிறோம். டிரம்மர் என்னைவிட ரொம்பப் பெரியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் சேர்ந்த புதிதில் அந்த சிடியை என் கையில் கொடுத்து அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "முழுசா கேளு. ஆனா மவுத் ஆர்கனைக் கேக்காதே. இடது பக்கம், வலது பக்கம்னு ரெண்டு கிட்டாரும் என்ன பண்ணுதுன்னு மட்டும் கேட்டுட்டு வா." மவுத் ஆர்கன் வாசிக்கிறவனிடம் இதைச் சொன்னார். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேண்டைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக முக்கியமான விஷயம் அதுதான்.

முதலில் திங்கட்கிழமை. லாஸ் ஏஞ்சலஸில் ஆறாம் தெருவும் லா ப்ரேயா சாலையும் சந்திக்கும் இடத்தில் கிங் கிங் என்று ஒரு சின்ன கிளப் இருந்தது. முன்பு சைனீஸ் உணவகமாக இருந்த கட்டடம். அங்கே எண்பதுகளின் கடைசியிலிருந்து ப்ளூ ஷேடோஸ் என்ற பெயரில் இவர்கள் திங்கட்கிழமை ராத்திரிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பிறகுதான் ரெட் டெவில்ஸ் என்று பெயர் மாறியது. பில் பேட்மேன் அதற்கு முன்பே பெயர் பெற்றவர், எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனி நகரத்திலிருந்து கிளம்பிய பிளாஸ்டர்ஸ் பேண்டின் டிரம்மர். பால் சைஸ் டெக்சாஸிலிருந்து வந்து சேர்ந்தபோது இருபதை ஒட்டிய வயதுதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை மட்டமான நாளாகத் தெரியும். வெள்ளி, சனி கிடைக்காதவனுக்குத் தள்ளிவிடும் நாள் என்று நினைப்பார்கள். வாசிக்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை பார் எப்படியும் நிரம்பும், அந்தக் கூட்டம் உங்களுக்காக வந்தது இல்லை, பிறந்த நாள் கொண்டாட வந்தவர்கள் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள், முதலாளியும் கல்லாவைப் பார்த்துக்கொண்டே நிற்பார். திங்கட்கிழமை முதலாளிக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் உங்களை உங்கள் போக்கில் விட்டுவிடுவார். மற்ற பேண்டுகளில் வாசிக்கிறவர்களுக்கும் அன்று வேலை இருக்காது, அவர்கள் கேட்க வருவார்கள், சில நேரம் மேடையேறி ஒரு பாட்டு வாசிப்பார்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வாசிப்பு தெரியும் என்றால் நீங்கள் ஏமாற்ற முடியாது. கிங் கிங்கில் நடந்தது இதுதான். ஒரே அறை, ஒரே கிழமை, வாரா வாரம். அந்த அறையின் சுவர் எந்த சத்தத்தைத் திருப்பியடிக்கும், எந்த சத்தத்தை விழுங்கிவிடும் என்று ஐந்து பேருக்கும் உடம்பில் ஏறியிருந்தது. போகப் போக இசை உலக ஆட்களும் சினிமா ஆட்களும் தேடி வருகிற ராத்திரியாக அது ஆனது.

எனவே புதிதாகப் பேண்ட் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பத்து பார்களில் ஒவ்வொரு தடவை வாசிப்பதைவிட ஒரு பாரில் மட்டமான ஒரு கிழமையைக் கேட்டு வாங்குங்கள். முதலாளியிடம் குறைந்தது மூன்று மாதம் கேளுங்கள். முதல் மாதம் யாரும் வரமாட்டார்கள், அது பரவாயில்லை, அது உங்களுக்கு ஒத்திகை மாதம். ஆம்பை (சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை) எந்த மூலையில் வைத்தால் பேஸ் உருண்டு திரண்டு குழம்பாமல் இருக்கும், பாடுகிறவரின் மைக் எங்கே நின்றால் ஊளையிடாது, பிளக் பாயிண்ட்டில் எது ஃப்ரிட்ஜோடு சேர்ந்த லைன் என்பதெல்லாம் அந்த மாதத்தில்தான் தெரியும். எங்கள் பாரில் ஐஸ் மெஷின் இருக்கும் பக்கத்து பிளக்கில் கிட்டார் ஆம்பைச் செருகினால் ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும், எதிர்ச் சுவரிலிருந்து ஒயர் இழுத்தால் சுத்தமாக நின்றுவிடும். வாரா வாரம் அதே இடத்தில் வாசித்ததால் கிடைத்த அறிவு அது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். டெஃப் ஜாம் என்ற ராப் இசைக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிக் ரூபின் கிங் கிங்குக்கு வந்து இவர்களைக் கேட்டார். ராப், ஹெவி மெட்டல் என்று வேறு உலகத்தில் பெயர் பெற்ற தயாரிப்பாளர், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் பெரிய வெற்றி ஆல்பத்தை 1991இல் தயாரித்தவர். அவர் இவர்களை ஸ்டூடியோவுக்குள் இழுத்துப்போய் மெருகேற்றவில்லை. அந்த கிளப்பிலேயே, கூட்டத்தை வைத்துக்கொண்டே பதிவு செய்தார். ஆல்பத்தின் பெயரே கிளப்பின் பெயர். ஹௌலின் உல்ஃப், லிட்டில் வால்டர், பில்லி பாய் அர்னால்ட், ஜூனியர் வெல்ஸ் என்று ஐம்பதுகளின் சிகாகோ ப்ளூஸ் ஆட்கள் வாசித்த பாட்டுகளோடு லெஸ்டர் எழுதிய சில பாட்டுகளும் கலந்திருக்கும். எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அந்த பாஷை அவர்களுக்கு அவ்வளவு சொந்தமாகியிருந்தது.

டிரம்மர் சொன்னபடி கிட்டார்களை மட்டும் கேட்டேன். டேவ் லீ பார்ட்டெல் அந்த ஆல்பம் நெடுகச் செய்வதைக் கவனித்தால் அசந்துபோவீர்கள். பெரும்பாலும் சோலோ (தனியாக முன்னால் வந்து வாசிப்பது) கிடையாது. கீழ்த் தந்திகளில் ஒரு சின்ன வரி, நாலைந்து சுரங்கள்தான், அதையே பாட்டு முடியும்வரை திரும்பத் திரும்ப, கூட்டாமல் குறைக்காமல். அவர் அசையாமல் நிற்பதால்தான் பால் சைஸ் மேலே குத்திக் குத்தி வாசிக்க முடிகிறது, லெஸ்டர் நடுவில் புகுந்து விளையாட முடிகிறது. இது ஐம்பதுகளின் சிகாகோ வழக்கம். லிட்டில் வால்டரோடு வாசித்த ஏசஸ் பேண்டில் லூயிஸ் மயர்ஸ், டேவ் மயர்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் கிட்டார் வாசித்தார்கள், பேஸ் கிட்டார் இல்லாத நாட்களில் ஒருவர் கீழே இறங்கி பேஸ் வேலையைப் பார்ப்பார், இன்னொருவர் மேலே நின்று பதில் சொல்வார். பின்னாளில் ராக் பேண்டுகள் ப்ளூஸைக் கையில் எடுத்தபோது இந்த இரண்டாவது கிட்டார் பெரும்பாலும் காணாமல் போனது. ஒரே கிட்டார், ரொம்ப சத்தம், நீண்ட சோலோ என்று ஆகிவிட்டது. ரெட் டெவில்ஸ் அந்தப் பழைய இரண்டு கிட்டார் முறையைத் தொண்ணூறுகளில், சின்னப் பசங்களின் வேகத்தோடு, ஒரு பாரின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்த பெரிய காரியம் இதுதான், லெஸ்டரின் மவுத் ஆர்கனைவிடப் பெரியது.

நாங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். எங்களிடம் இரண்டு கிட்டார் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பே யார் கீழே, யார் மேலே என்று பேசி வைத்துக்கொள்கிறோம். கீழே இருப்பவர் தடித்த தந்திகளோடு நின்றுகொள்கிறார், மெல்லிய தந்திகளைத் தொடுவதில்லை. மேலே இருப்பவர் பாடும் வரி முடியும்வரை வாய் திறப்பதில்லை, வரி முடிந்த இடைவெளியில் மட்டும் பதில் சொல்கிறார். அந்த இடைவெளி கிட்டாருக்கா, மவுத் ஆர்கனுக்கா என்பதையும் முன்பே பிரித்துக்கொள்கிறோம்: முதல் பாட்டு வரிக்கு கிட்டார் பதில், இரண்டாவதுக்கு நான். இதைச் செய்த முதல் ராத்திரியே பாரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், சத்தத்தைக் கூட்டாமலே. ப்ளூஸ் என்பது மூன்று ஸ்வரக்கட்டுகளில் (கார்டுகளில்) 12 தாள அளவுகளில் சுற்றுகிற ஆவர்த்தனம், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தால் அது ஒரு நிமிஷத்தில் சலித்துப்போகும், ஒருவருக்கொருவர் இடம் விட்டால் ராத்திரி முழுக்கக் கேட்கலாம்.

அப்புறம் சத்தம். சின்ன பாரில் டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை. மைக் இல்லாத டிரம்ஸின் சத்தம்தான் அளவுகோல், மற்ற எல்லாமே அதற்குக் கீழே. இருபது வாட்டுக்கு மேல் கிட்டார் ஆம்ப் வேண்டாம், ஆம்பை நாற்காலி மேல் வைத்து வாசிக்கிறவரின் காதைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள், காலடியில் வைத்தால் அவருக்குக் கேட்காது, கேட்காததால் கூட்டிக்கொண்டே போவார். ஸ்பீக்கரில் குரல் மட்டும் போதும். விளையாட்டு மேட்ச் நடக்கும் நாளில் டிவியை அணைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், மேட்ச் முடிந்ததும் அந்தக் கூட்டம் அப்படியே நாற்காலியைத் திருப்பிப்போட்டு உங்களைக் கேட்கும்.

இனி மவுத் ஆர்கன். இதில் நான் கொஞ்ச நேரம் நின்றுதான் போவேன்.

லெஸ்டர் வாசித்தது பத்து ஓட்டைகள் கொண்ட சின்ன மவுத் ஆர்கன், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவு. ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி மரைன் பேண்ட் என்ற பெயரில் 1896 முதல் செய்துவரும் வகை. ஜெர்மன் நாட்டுப்புறப் பாட்டுக்காகச் செய்த கருவி அது, அதில் ஊதினால் ஒரு மேஜர் ஸ்வரக்கட்டு அழகாக வரும். அமெரிக்காவின் தெற்கே இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவதை முக்கியமாக்கினார்கள். சி சுருதி மவுத் ஆர்கனை எடுத்து ஜி சுருதியில் வாசிப்பது, ஏ மவுத் ஆர்கனை எடுத்து ஈ சுருதியில் வாசிப்பது. இப்படி வாசித்தால் இரண்டாவது ஓட்டையை உறிஞ்சும்போது வருவது ஆதார ஸட்ஜமாகிவிடும். உறிஞ்சும் ரீடுகளை (உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடுகளை), வாய்க்குள் நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி, சுருதி இறங்கும்படி வளைக்க முடியும். ஒன்று முதல் நாலு வரையும் ஆறாவதும் நன்றாக வளையும். ப்ளூஸின் அந்த அழுகைக் குரல் அங்கிருந்துதான் வருகிறது. பழகுகிறவர்களுக்கு: கிட்டார் பேண்டோடு வாசிக்க ஏ, டி, சி மூன்றும் முதலில் வாங்கினால் போதும், கிட்டார்காரர்களுக்குப் பிடித்த ஈ, ஏ, ஜி மூன்றும் அதில் அடங்கிவிடும்.

அடுத்தது லிட்டில் வால்டர். 1930இல் பிறந்து 1968இல் இறந்த அவர்தான் மவுத் ஆர்கனையும் மலிவான மைக்கையும் சேர்த்து இரண்டு கைக்குள் பொத்தி, வால்வ் (பழைய கண்ணாடிக் குழாய்) ஆம்புக்குள் செலுத்தி, அதை சாக்ஸபோன் அளவுக்குப் பெரிய குரலாக்கியவர்களில் முதன்மையானவர். சிகாகோவின் செஸ் இசைத்தட்டு கம்பெனிக்காக 1952இல் அவர் பதிவு செய்த வாத்திய இசைத் தட்டு அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசை) விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. லெஸ்டர் நேராக அந்த வழியில் வந்தவர், ஆனால் அதைவிடக் கரடுமுரடு. லிட்டில் வால்டர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் போல வழுக்கிக்கொண்டு போவார், லெஸ்டர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருவார். லெஸ்டரின் வாசிப்பில் சுரங்களின் எண்ணிக்கை குறைவு. ஒரு சுரத்தைப் பிடித்தால் அதன் கழுத்தை நெரித்து, வளைத்து, நடுக்கி, இனி அதில் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தபிறகுதான் அடுத்த சுரத்துக்குப் போவார்.

அந்த சத்தத்தைப் பிடிக்கப் பலரும் மைக்குக்கும் ஆம்புக்கும் காசைக் கொட்டுகிறார்கள். ஷூர் க்ரீன் புல்லட், பழைய ஆஸ்டாடிக் மைக்குகள், பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நல்ல சாமான்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த சத்தத்தில் பெரும்பகுதி கையில் இருக்கிறது. இடது கை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மவுத் ஆர்கனைப் பிடிக்கிறீர்கள். அதன் பின்புறத்தை ஒட்டி, ஆனால் முட்டாமல், உருண்டை மைக். இடது கையின் மற்ற விரல்கள் மைக்கைச் சுற்றி வளைகின்றன, வலது கை வந்து மிச்ச இடத்தை மூடுகிறது. இப்போது உள்ளே அடைபட்ட காற்று இருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் ஒரு அரிசி அளவு சந்து இருந்தாலும் சத்தம் மெலிந்து கீச்சென்று ஆகிவிடும், சந்தை அடைத்த உடனே அதே சுரம் தடித்துக் கருத்துப் பெரிதாகும். கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஆம்ப் இல்லாமலேயே, இந்தப் பிடியை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள். கை வலிக்கும், அது சரியாகிவிடும். உதட்டைக் குவித்து ஒரு ஓட்டையில் வாசிப்பதோடு நிற்காமல், மூன்று நாலு ஓட்டைகளை வாயில் எடுத்து நாக்கால் இடதுபக்கத்தை அடைத்து வலது ஓரத்தில் மட்டும் சுரத்தை வரவழைக்கப் பழகுங்கள். நாக்கை எடுத்து வைக்கும்போது தாளத்தோடு ஒரு அடி விழும். லிட்டில் வால்டரில் கேட்கும் அந்த அடி இதுதான்.

ஊளைச் சத்தம்தான் பெரிய தலைவலி. புல்லட் மைக்கை வால்வ் ஆம்பில் செருகிக் கொஞ்சம் கூட்டினாலே கூவ ஆரம்பித்துவிடும். டிரெபிளைக் கிட்டத்தட்ட முழுக்கக் குறையுங்கள், பேஸைக் கூட்டுங்கள். ஆம்புக்குப் பக்கத்தில், அதன் முகத்துக்கு நேராக நிற்காதீர்கள். முதல் நிலையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துவிட்டு 12ஏயூ7 போட்டால் ஊளை வரும் எல்லை நன்றாகத் தள்ளிப்போகும், நான் வாசிக்கும் ஆம்பில் அதுதான் இருக்கிறது. ஆம்பைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள், வால்வ் ஆம்புக்குள் இருக்கும் மின்சாரம் ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். அதோடு நீங்கள் அதிகம் வாசிக்கும் சுருதியில் இன்னொரு மவுத் ஆர்கன் எப்போதும் பையில் இருக்கட்டும். உறிஞ்சும் நாலாவது, ஐந்தாவது ரீடுகள் எந்த அறிவிப்பும் இல்லாமல் சுருதி இறங்கிவிடும், அதுவும் ராத்திரியின் நல்ல பாட்டு நடுவில்.

ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் பாடகர் மிக் ஜாகர் விஷயத்தை எல்லோரும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 1992இல் ரிக் ரூபினோடு தன் தனி ஆல்பத்துக்காக வேலை செய்துகொண்டிருந்த ஜாகர் கிங் கிங்குக்கு வந்து இவர்களோடு மேடையேறிப் பாடினார். அந்த வருஷம் ஜூனில் இவர்களை ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் ஒரே நாளில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பழைய ப்ளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்தார். அது ஆல்பமாக வரவே இல்லை. திருட்டுப் பதிவுகளாகக் கைமாறிக்கொண்டே இருந்தது, 2007இல் ஜாகரின் தொகுப்பு ஆல்பம் வந்தபோது அதிலிருந்து ஒரு பாட்டு மட்டும் அதிகாரபூர்வமாக வெளியானது. உலகத்தில் பெரிய பாடகர்களில் ஒருவர் இவர்களைத் தேடி வந்தார் என்பது பெருமைதான். வாசிக்கிறவனாக எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு: ஒரே நாளில் அத்தனை பாட்டு. வாரா வாரம் மணிக்கணக்கில் வாசித்த பேண்டுக்கு மட்டும்தான் அது முடியும். பாட்டு எங்கே நிற்கும், எங்கே தணியும் என்று அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்களும் சைகைகளை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களிடம் இருப்பவை: உள்ளங்கையைக் கீழே காட்டினால் எல்லோரும் சத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தலையில் கை வைத்தால் பாட்டின் முதல் அடிக்குத் திரும்ப வேண்டும், கையை முட்டியாக மூடினால் இந்தச் சுற்றோடு முடிகிறது. இந்த மூன்று போதும், விருந்தாளி ஒருவர் மேடையேறினாலும் சமாளித்துவிடலாம். ஒவ்வொரு செட்டிலும் (இடைவேளை வரை வாசிக்கும் பாட்டு வரிசையிலும்) மெதுவான பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு பாட்டு ஒரே சுருதியில் வேண்டாம்.

1993இல் அமெரிக்காவுக்கு வெளியே, முக்கியமாக நெதர்லாந்தில், இவர்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் அந்த உச்சத்தில் பேண்ட் உடைந்தது. லெஸ்டருக்குப் போதைப் பழக்கம் இருந்தது. பிறகு அவர் 13 என்ற பெயரில் புதிய பேண்ட் அமைத்து 1997இல் ஹைடோன் கம்பெனியில் ஆல்பம் வெளியிட்டார். அதே வருஷம் நெதர்லாந்தின் ஓஸ்பெல் கிராமத்தில் நடக்கும் மூலான் ப்ளூஸ் விழாவில் வாசித்தார், அந்தப் பதிவும் பின்னால் சிடியாக வந்தது. கேட்டுப் பாருங்கள், வாசிப்பு இன்னும் ஆழமாகப் போயிருக்கும். 1998 மே மாதம் அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்துபோனார். வயது 38. லிட்டில் வால்டர் இறந்ததும் ஏறக்குறைய அதே வயதில்தான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். அவ்வளவு திறமை, அவ்வளவு உழைப்பு, இன்னும் முப்பது வருஷம் வாசித்திருக்க வேண்டியவர்.

இதை நான் ஏதோ ராக் உலகக் கதையாகச் சொல்லவில்லை. பாரில் வாசிக்கிறவர்களுக்கு இது ஒவ்வொரு வாரமும் எதிரில் நிற்கிற விஷயம். பல பார்களில் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடியாகக் கொடுப்பார்கள். நாங்கள் முன்பு வாசித்த ஒரு இடத்தில் பணம் குறைவு, பாட்டில் தாராளம். அங்கே எங்களோடு வாசித்த ஒருவர் வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தோம். அதன்பிறகு நாங்கள் வைத்த விதி: சம்பளம் பணமாக மட்டும், ஒருவருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை, அதற்கு மேல் கல்லாவில் ஒரு பங்கு, எல்லாம் முதலாளியோடு எழுத்தில், குறைந்தபட்சம் போனில் மெசேஜாக. மேடையில் தண்ணீர் மட்டும். கலிபோர்னியாவில் ராத்திரி 2 மணிக்கு மேல் மது விற்கக்கூடாது, கடைசி ஒரு மணி நேரம்தான் பாரில் மோசமான நேரம், அதனால் நாங்கள் 12 மணிக்கே முடித்துக்கொள்கிறோம். யாராவது தடுமாறினால் அவருக்கு பதிலாக வேறு ஆளைத் தேடுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறோம். இதற்கெல்லாம் நேரம் ஆகும், ஆகட்டும்.

இன்று அந்தப் பேண்டின் பெயர் எங்கே நிற்கிறது என்றால், ரேடியோவில் இல்லை, வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது. பில் பேட்மேன் பின்னாளில் மறுபடி பிளாஸ்டர்ஸோடு வாசித்தார். 2010களின் பிற்பகுதியில் பழைய ஆட்கள் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது லெஸ்டரின் இடத்தில் பாடி வாசித்தவர் பிக் பீட் என்ற நெதர்லாந்துக்காரர். லெஸ்டரைக் கேட்டு வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் பாரில் பிறந்த சத்தத்தை, அதுவும் சிகாகோவிலிருந்து எடுத்து வளர்த்த சத்தத்தை, ஒரு டச்சுக்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற ஜாம் ராத்திரிகளில் இளைஞர்கள் மேடையேறி ஈ சுருதியில் வேகமான ஷஃபிள் (ஊஞ்சல் போல ஆடும் ப்ளூஸ் தாளம்) ஒன்றைக் கேட்டால், அவர்கள் எந்த ஆல்பத்தில் பழகினார்கள் என்று முதல் சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, பேண்டைத் தொடங்கும் முன் பார் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்தவர் பாட்டுகளை மேடையில் வாசிப்பதற்கான லைசென்ஸ் கட்டியிருக்கிறாரா? அமெரிக்காவில் பாட்டெழுதியவர்களுக்காகப் பணம் வசூலிக்கும் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்கு பார்தான் அதைக் கட்ட வேண்டும், கட்டாத பாருக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் நிற்பது நேரடி இசைதான். கட்டியிருக்கிறார் என்றால் திங்கட்கிழமையைக் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே உடனே கொடுத்துவிடுவார்.